ஜிம் பக்கமே போகாத மகனுக்கும் கட்டணமா?

கேள்வி: மகன் இந்த ஆண்டு மெல்பர்னில் பல்கலைக்கழகம் சேர்ந்திருக்கிறான். ஹெக்ஸ் என்ற அரசுக் கல்விக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அப்புறமும் ‘மாணவர் சேவை, வசதிக் கட்டணம்’ என்று தனியாக ஒரு பில் வந்திருக்கிறது. அவன் ஜிம்முக்கும் போவதில்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை. கட்டாமல் விடலாமா? கடனில் போடலாமா?
– ஒரு தாய், டாண்டினாங்

பதில்: விட முடியாது. மாணவர் சங்கத்தில் சேரச் சொல்லி உங்கள் மகனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இந்தக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் கேட்கலாம் என்று 2011இல் வந்த சட்டம் சொல்கிறது. வசதியைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கட்டாமல் இழுத்தடித்தால் மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைப்பது, அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யவிடாமல் தடுப்பது என்று போகும்.

உச்சவரம்பு உண்டு. 2012இல் 263 டாலராக இருந்தது, 2025இல் 365 டாலர். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு மாணவரிடம் அந்த ஆண்டின் வரம்புக்கு மேல் வாங்கக்கூடாது. பகுதிநேர மாணவர் என்றால் அதில் முக்கால் பங்குக்கு மேல் கூடாது. பில்லில் முழுநேரம் என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

உங்களுக்கு இரண்டாவது பில் வந்ததன் காரணம் எளிது. ஹெக்ஸ் விண்ணப்பம் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். சேவைக் கட்டணத்தைக் கடனில் போட எஸ்ஏ-ஹெல்ப் என்று தனிப் படிவம் இருக்கிறது. பலர் தவறவிடுவது இதைத்தான். மகன் ஆஸ்திரேலியக் குடிமகன் என்றால், வரிக் கோப்பு எண்ணோடு, கட்டணத்துக்கான கடைசித் தேதிக்குள் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பக்கத்தில் நிரப்பிவிடலாம்.

கடனா, கைக்காசா? வட்டி இல்லை என்று சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு ஜூன் 1ஆம் தேதியும் விலைவாசிக்கு ஏற்பக் கடன் ஏறும், 2025இல் 3.2 சதவீதம் ஏறியது. 365 டாலருக்கு அது பன்னிரண்டு டாலர்கூட இல்லை. திருப்பிக் கட்டுவதும் வருமானத்தைப் பொறுத்தது: 2025-26இல் ஆண்டு வருமானம் 67,000 டாலரைத் தாண்டினால்தான் பிடித்தம். கடன் கூடியதற்காக ஆண்டுப் பிடித்தம் அதிகமாகாது, கடன் தீரத்தான் கொஞ்சம் தள்ளிப்போகும். முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால், அது ஹெக்ஸுக்கு இருந்தது, 2022ஓடு போய்விட்டது. கையில் பணம் இருந்தால் கட்டிவிடுங்கள். வாடகைக்கும் கார் இன்ஷூரன்ஸுக்கும் இழுபறியாக இருக்கும் மாதம் என்றால் கடனில் போடத் தயங்க வேண்டாம். கிரெடிட் கார்டில் மட்டும் போட்டுவிட்டு வட்டி கட்டாதீர்கள்.

கட்டிய பணத்துக்குப் பயன் பெறவும் வழி இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் இந்தப் பணத்தில்தான் இலவசச் சட்ட ஆலோசனை, ஆலோசகர் சேவை, மலிவு விலைச் சாப்பாடு எல்லாம் நடக்கின்றன. வாடகைக்கு முன்பணமாகக் கொடுத்த பாண்ட் பணத்தை வீட்டுக்காரர் தர மறுக்கும்போது வெளியே வக்கீலைப் பார்த்தால் எவ்வளவு ஆகும்? பல்கலைக்கழக இணையதளத்தில் மாணவர் சேவைப் பக்கத்தை மகனிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜிம் கிடக்கட்டும்.

கேள்வி: எங்களுக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) மட்டும்தான். மகளுக்கு எஸ்ஏ-ஹெல்ப் கிடைக்குமா?
– வென்ட்வொர்த்வில் வாசகர்

பதில்: சாதாரண பி.ஆருக்குக் கிடைக்காது. நிரந்தர மனிதாபிமான விசாவில் வந்தவர்களுக்கு உண்டு. நீங்கள் கைக்காசில்தான் கட்ட வேண்டும். கார்டுக்குக் கூடுதல் கட்டணம் பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் வங்கிக் கணக்கிலிருந்து பில் கட்டும் பி-பே வழியாகக் கட்டுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால், ஒப்புதல் கடிதம் போதாது. விழாவில் உறுதிமொழி எடுத்த நாளிலிருந்துதான் மகள் குடிமகள்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்து படிக்கிறேன். என் கட்டணத்தைத் தன் கார்டில் கட்டி, பத்து சதவீதம் குறைத்து என்னிடம் வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார்.
– மாணவர், சிட்னி

பதில்: வேண்டவே வேண்டாம். இப்படிக் கட்டப்படுவது பெரும்பாலும் திருட்டு கார்டில். கார்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். உங்கள் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கும், அவரிடம் கொடுத்த பணமும் போயிருக்கும். உங்களுக்குச் சேவைக் கட்டணம் பாடக் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். பணம் அனுப்புவது பல்கலைக்கழக இணையதளத்தில் காட்டியிருக்கும் வழியில் மட்டும்.