இன்டரப்ட் ஹேண்ட்லர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எக்ஸ்86 கர்னலில் சில இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் (குறுக்கீடு வந்ததும் சிபியூ ஓட்டும் கோடு) எடுத்த எடுப்பிலேயே ஸ்டாக்கில் 0-வை புஷ் செய்கின்றன, சில செய்வதில்லை. ஏன்?

பேஜ் ஃபால்ட் (14), ஜெனரல் புரொடெக்‌ஷன் (13) போன்ற சில வெக்டர்களுக்கு (இன்டரப்ட்டுகளின் எண்கள்) மட்டும் சிபியூவே ஸ்டாக்கில் எரர் கோடு வைத்துவிடும். பூஜ்யத்தால் வகுத்தல் (0), டைமர் முதலியவற்றுக்கு வைக்காது. எல்லா ஹேண்ட்லர்களும் போய்ச் சேரும் பொதுக் கோடு ஒன்றுதான். ஸ்டாக் ஒரே அமைப்பில் இருந்தால்தான் அதற்குப் புரியும். அந்த 0 வெறும் இட நிரப்பி.

அடுத்து வெக்டர் எண், அதன்மேல் ரெஜிஸ்டர்கள். திரும்பும்போது ரெஜிஸ்டர்களை எடுத்தபின், 64 பிட்டில் ஸ்டாக் பாயின்டரோடு 16 (வெக்டர் எண், எரர் கோடு இரண்டும் தலா 8 பைட்) கூட்டிவிட்டுத்தான் ஐரெட் எனும் திரும்பும் கட்டளை. கூட்ட மறந்தால் வெக்டர் எண் திரும்பும் முகவரியாகவும் எரர் கோடு சிஎஸ் (கோடு செக்மென்ட் ரெஜிஸ்டர்) ஆகவும் போய்விடும். சிஎஸ் 0 என்றால் உடனே வெக்டர் 13 வந்து நிற்கும். இந்தக் கோடைத் திரையில் பார்த்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் காகிதத்தில் ஒரு கட்டம் போடுங்கள், சிபியூ தானே வைக்கும் ஐந்து ரெஜிஸ்டர் மதிப்புகளையும் (எஸ்எஸ், ஆர்எஸ்பி, ஆர்ஃப்ளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி) சேர்த்து.

கேள்வி: இன்டரப்ட்டை எனேபிள் செய்ததுமே டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கையாளத் தொடங்கும்போதே இன்னொரு பிழை). எங்கே தவறு?

பெரும்பாலும் அது டபுள் ஃபால்ட்டே இல்லை, டைமர்! பழைய 8259 சிப்பை (சாதன இன்டரப்ட்டுகளை சிபியூவுக்கு அனுப்புவது) பயாஸ் அமைத்தபடி விட்டால் டைமர் வெக்டர் 8-இல் வரும். டபுள் ஃபால்ட்டின் எண்ணும் அதுதான். 0 முதல் 31 வரை சிபியூவுக்கு ஒதுக்கியவை. சிப்பின் இன்டரப்ட்டுகள் 32-இல் தொடங்கும்படி ரீமேப் செய்யுங்கள்.

கேள்வி: டைமர் ஒரே ஒருமுறை வந்து நின்றுவிடுகிறது.

இன்டரப்ட் முடிந்தது என 8259-க்குச் சொல்லும் இஓஐயை நீங்கள் அனுப்பவில்லை. ஐஆர்க்யூ (சாதன இன்டரப்ட் வரிசை எண்) 8 முதல் 15 வரை என்றால் இரண்டு 8259 சிப்புக்கும் அனுப்பவேண்டும்.

கேள்வி: ஆப்டிமைசேஷன் போட்டால் மட்டும், சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் லோக்கல் வேரியபிள்கள் கெடுகின்றன.

ரெட் சோனைச் சந்தேகியுங்கள். 64 பிட் சிஸ்டம் வி அழைப்பு மரபுப்படி, வேறு எதையும் அழைக்காத ஃபங்ஷன் ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலே அதற்குக் கீழே 128 பைட்டை (இதுதான் ரெட் சோன்) பயன்படுத்தலாம். யூசர் புரோகிராமுக்கு இதனால் ஆபத்தில்லை. அங்கிருந்து இன்டரப்ட் வரும்போது ஸ்டாக்கே மாறிவிடும். கர்னலுக்குள் ஓடும்போது வந்தால் சாதாரணமாக அதே ஸ்டாக்தான், அந்த 128 பைட்டையே சிபியூ மேலெழுதிவிடும். கர்னல் முழுவதையும் ரெட் சோன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். ஹேண்ட்லர் ஃபைலை மட்டும் மாற்றிப் பயனில்லை, கெடுவது குறுக்கிடப்பட்ட ஃபங்ஷன்.