பட்டை கட்டிச் செய்தால் மூன்றாவது செட்டிலேயே கால் ஓய்ந்துவிடுவது பற்றி

ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் பயிற்சிக்காகத் தொடையில் பட்டை கட்டி, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் வெறும் 20 சதவீதத்தில் கால் நீட்டும் பயிற்சி செய்தும் மூன்றாவது செட்டிலேயே கால் எழவில்லை, பாதமும் மரத்துப்போகிறது, பலம் குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கால் எழாதது எதிர்பார்க்க வேண்டியதுதாங்க.

பட்டை முக்கியமாகத் தடுப்பது வெளியேறும் ரத்தத்தை. உள்ளே வருவதும் குறைகிறது. ஆக்சிஜன் பற்றாமல் பாஸ்பேட்டும் அமிலமும் தசைக்குள்ளேயே தேங்க, இழைகள் சுருங்கும் விசை குறைகிறது. ஈடுகட்ட, வழக்கமாகக் கனமான எடைக்கு மட்டும் எழும் வேக இழைகளையும் நரம்பு மண்டலம் சீக்கிரமே இறக்கிவிடுகிறது. அவை சட்டென்று களைப்பவை. பட்டையைக் கழற்றிய சில நிமிடங்களில் பெருமளவு பலம் திரும்பினால் கவலை வேண்டாம்.

எனக்கு உறுத்துவது அந்த மரத்துப்போவதுதான். தசை எரிச்சல் சரி, இது சரியில்லை, இறுக்கம் அதிகம். உடனே தளர்த்துங்கள். சாதாரண எலாஸ்டிக் பட்டையில் அழுத்தம் எவ்வளவென்றே தெரியாது. ரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்தும் அழுத்தத்தில் 40 முதல் 80 சதவீதம்தான் வழக்கம், அதற்கு அளவு காட்டும் காற்றுப் பட்டை வேண்டும். நான்கு செட்டுக்கும் எண்ணிக்கை முறையே 30, 15, 15, 15; இடையே 30 வினாடி ஓய்வு.

அப்புறம், முன்பு கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தாலோ உயர் ரத்த அழுத்தம் இருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.