பொள்ளாச்சியில் டிராக்டர், கொழிஞ்சாம்பாறையில் வயல்: வரி எங்கே கட்டுவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஆறு ஏக்கர் வைத்திருக்கிறேன். பாதி நெல், மீதி தென்னையும் கடலையும். 45 ஹெச்.பி. டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரே மாடலுக்குப் பாலக்காட்டு டீலரைவிடப் பொள்ளாச்சி டீலர் 35,000 ரூபாய் குறைத்துச் சொல்கிறார். ஆனால், வெளி மாநிலத்தில் வாங்கினால் இரண்டு இடத்திலும் வரி கட்ட வேண்டி வரும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். பொள்ளாச்சி டீலரோ, "உங்க மச்சான் இங்கேதானே இருக்கார், அவர் பேர்லயே டி.என். நம்பர் போட்டுக்கலாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு இடத்தில் வரி கட்ட வேண்டியதில்லை. மச்சான் பேரில் பதியவும் வேண்டாம். பொள்ளாச்சியில் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அதற்கான காரணம் வரியாக இருக்க முடியாது.

ஊரில் பயமுறுத்துபவர்கள் பழைய கணக்கில் பேசுகிறார்கள். 2017 ஜூலைக்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு, நுழைவு வரி வேறு என்று இருந்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் அது போய்விட்டது. விவசாய டிராக்டருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நாடு முழுக்க 5 சதவீதம்தான். அதற்கு முன்பு 12. வரி நீங்கலாக 8 லட்சம் விலை என்றால் இப்போது 40,000 ரூபாய் வரி, முன்பு 96,000. பொள்ளாச்சி, பாலக்காடு, உங்கள் தாலுகா ஊரான சித்தூர் எங்கே வாங்கினாலும் இதே 40,000தான். ஆகவே அந்த 35,000 வித்தியாசம் டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பது. இல்லையென்றால் பில்லில் வேறு ஏதோ ஒரு வகையில் திரும்பப் பிடிக்கப் போவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பில்லில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்காது, விவசாயிக்கு அது தேவையும் இல்லை. பதிவில்லாதவர் வாங்கும்போது, பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்கு விற்றதாகத்தான் அது கணக்காகும். 2023 அக்டோபர் முதல் இதுதான் விதி. உங்கள் கொழிஞ்சாம்பாறை முகவரியைப் போட்டால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடுவது) 5 சதவீதம் என்று ஒரே வரியாக வர வேண்டும். கேரள முகவரி இருக்க, கீழே ஒரே மாநிலத்துக்குள் விற்பதுபோல் சி.ஜி.எஸ்.டி. இரண்டரை, எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டரை என்று பிரித்துப் போட்டிருந்தால் அது தப்பான பில். தொகை ஒன்றுதானே என்று வாங்கி வந்துவிடாதீர்கள். கவுண்டரிலேயே மாற்றி வாங்குங்கள்.

அடுத்து மோட்டார் வாகன வரி. இது மாநிலத்தின் வரி. வண்டி எங்கே பதிவாகிறதோ அங்கேதான் கட்டுவது. மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில் பதிய வேண்டும். உங்கள் வண்டி நிற்கப் போவது கொழிஞ்சாம்பாறையில். எனவே சித்தூர் ஆர்.டி. ஆபீசில் கே.எல். 70 நம்பர்தான் உங்களுக்கு. பொள்ளாச்சி டீலர் தற்காலிகப் பதிவு எடுத்து, இன்சூரன்ஸ் போட்டு, படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றும் படிவம் 22 என்கிற கம்பெனிச் சான்றும் கொடுப்பார். தற்காலிகப் பதிவில் எழுதியிருக்கும் தேதிக்குள் நீங்கள் சித்தூர் ஆபீசில் கேரள வரியைக் கட்டிப் பதிய வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது பில், இன்சூரன்ஸ், தற்காலிகப் பதிவு மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். பாலக்காட்டு டீலரிடம் வாங்கினால் இந்த அலைச்சலை அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் அலைச்சலுக்கு ஒரு விலை வைத்து, அதை 35,000-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

மச்சான் யோசனைக்கு வருவோம். ஆர்.சி. புக்கில் யார் பேரோ வண்டி அவருடையது. கடன் உங்கள் பேரில், வண்டி அவர் பேரில் என்றால் எந்த வங்கியும் ஒத்துக்கொள்ளாது. கடனும் அவர் பேரிலேயே என்றால் நாளைக்கு அவர் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை வரும்போது உங்கள் டிராக்டரும் பட்டியலில் ஏறும். போதாததற்கு, வேறு மாநில நம்பர் வண்டி 12 மாதத்துக்கு மேல் கேரளாவில் நின்றால் பொள்ளாச்சியில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி இங்கே கே.எல். நம்பர் மாற்றியாக வேண்டும். மிச்சப்படுத்தப் போனது ஒன்றுமில்லை, ஆபீஸ் ஏறி இறங்குவதுதான் மிச்சம். இப்படி ஒரு வழியைத் தானாகவே எடுத்துச் சொல்லும் டீலர் பில்லிலும் இதே கைவரிசையைக் காட்ட மாட்டார் என்று எப்படி நம்புவது? எனக்கு அந்த டீலர் மேல் இந்த ஒரு பேச்சிலேயே பாதி நம்பிக்கை போய்விட்டது.

மானியம் வாங்கும் எண்ணம் இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இணையத்தில் விண்ணப்பித்து, அனுமதி வந்தபின், திட்டத்தில் பதிவு செய்த டீலரிடம்தான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது. நிலம் உங்கள் மனைவி பேரில் இருந்தால் அவர் பேரிலேயே விண்ணப்பியுங்கள். பெண் விவசாயிகளுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் மானிய விகிதம் கூடுதல். பொள்ளாச்சி டீலர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், மானியத்துக்கு முன் 35,000 ஒரு தொகையே இல்லை.

சரி, மானியம் இல்லை, நேர்விலைக்குத்தான் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு டீலரிடமும் எழுத்தில் கொட்டேஷன் கேளுங்கள். "ஆன்ரோடு இவ்வளவு" என்று ஒற்றைத் தொகையை வாங்காதீர்கள். வண்டி விலை, வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், பம்பர், ஹூக், மேல்கூரை, அப்புறம் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை போட்டிருந்தால் அதுவும், எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். குறைத்துச் சொன்ன 35,000 பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இன்சூரன்ஸை டீலரிடமேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே ஒரு விலை கேட்டுப் பாருங்கள். வண்டி போன வருஷத்துத் தயாரிப்பா என்பதையும் படிவம் 21-இல் பார்த்துவிடலாம். பழைய ஸ்டாக் என்றால் 35,000 தள்ளுபடி குறைவு, இன்னும் கேட்கலாம்.

டீலரைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே வழிதான் உண்டு. ஷோரூமில் காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு நேராகப் பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். எத்தனை வண்டி பிரித்துப் போட்டபடி நிற்கிறது, ஜாப் கார்டில் என்ன தேதி, பார்ட்ஸ் வராமல் எத்தனை நாளாக நிற்கிறது என்று மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். அங்கே வண்டி விட்டிருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, சேறடிக்கிற நேரத்தில் ஹைட்ராலிக் நின்றுபோனால் ஆள் வயலுக்கே வந்தாரா, 'வண்டியை இங்கே கொண்டு வாங்க' என்றாரா என்று கேளுங்கள். ஒன்றாம் போகத்துக்கு உழவு ஓடும் ஜூன் மாதத்தில் நான்கு நாள் வண்டி நின்றால், உங்கள் நடவும் தள்ளும், வாடகை ஓட்டமும் போகும். வாரன்டி கம்பெனியுடையது, எல்லைக்கு இந்தப்பக்கம் வந்தாலும் செல்லும். ஆனால் சீசனில் எந்த டீலரும் தான் விற்ற வண்டியைத்தான் முதலில் பார்ப்பார். பொள்ளாச்சியிலிருந்து உங்கள் வயலுக்கு ஆள் வருவார் என்று உறுதியாகத் தெரிந்தால் பொள்ளாச்சி. தெரியாவிட்டால் 35,000 போனாலும் பரவாயில்லை, பாலக்காடு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏக்கருக்கு 45 ஹெச்.பி. அதிகம். 6 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 12,750 ரூபாய், வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். உங்கள் உழவை மட்டும் வைத்து இது தேறாது. அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு ஓட்டினால்தான் தேறும். அப்படி அடுத்தவர் வயலில் உழுவதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது நல்ல செய்தி. ஆனால் டிரெய்லரைப் பூட்டிச் செங்கல், எம்-சாண்ட் அடிக்கப் போனால் கதை வேறு: விவசாயப் பதிவும் விவசாய இன்சூரன்ஸும் அதற்குச் செல்லாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது டிரெய்லரில் என்ன இருந்தது என்பதைத்தான். வாடகை ஓட்டத்துக்கு இந்த சீசனில் எத்தனை ஏக்கர் உறுதியாகக் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேசிப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள். தவணையை மாதாமாதம் போடாமல், அறுப்பு முடிந்து பணம் வரும் சமயத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லிக் கேளுங்கள்.

அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடன் கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க டீலருக்குச் சட்டத்தில் இடமில்லை. "கேஷாகக் கொடுத்தால் இன்னும் குறைக்கிறேன்" என்று யாராவது சொன்னால், பில்லில் விலையைக் குறைத்துக் காட்டப் போகிறார் என்று பொருள். அப்படிப்பட்ட பில்லை வாங்காதீர்கள்.