‘போஹீமியன் ராப்சடி’ பட ஆல்பத்தில் பாடுவது யார்? குயீன் ஹிட்ஸ் தொகுப்பு கையில் இருந்தாலும் இது தேவையா?

ஒரு பாட்டைத் தவிர முன்னணிக் குரல் அநேகமாக முழுக்க பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிதான். ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக் பாடியதாகப் பலர் நினைப்பதற்குக் காரணம் படம். அங்கே மூன்று குரல்கள் கலந்திருக்கின்றன: பெரும்பகுதி ஃப்ரெடியின் பழைய பதிவுகள், பதிவே இல்லாத இடங்களுக்குக் கனடாப் பாடகர் மார்க் மார்டெல், ஆங்காங்கே மாலெக். படப்பிடிப்பில் மாலெக் வெறுமனே வாயசைக்காமல் வாய்விட்டே பாடினார். கழுத்து நரம்பும் மூச்சும் பாட்டோடு ஒட்டி வந்தது அதனால்தான். 2018 அக்டோபர் 19 அன்று வந்த ஆல்பத்துக்கோ குழுவின் சொந்தப் பதிவுகளையே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வந்த எல்டன் ஜான் படமான ‘ராக்கெட்மேன்’ இதற்கு நேர் எதிர். அதில் எல்டனாக நடித்த டாரன் எகர்டன் அநேகமாக எல்லாவற்றையும் புதிதாகப் பாடினார். அந்த எதிர்பார்ப்போடு இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

அந்த ஒரு பாட்டு 3ஆவது டிராக், ‘டூயிங் ஆல் ரைட்’. குயீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ராஜர் டெய்லரும் அதற்கு முன்பு இருந்த ‘ஸ்மைல்’ குழுவின் பாட்டு அது. அந்தக் குழுவின் பாடகர் டிம் ஸ்டாஃபெல் இவர்கள் இருவரோடும் சேர்ந்து, இந்தப் படத்துக்காக அதைத் திரும்பப் பாடியிருக்கிறார். முதலில் ஃப்ரெடி பாடிய 1973 பதிவைக் கேளுங்கள், பிறகு இதைக் கேளுங்கள். ஒரே மெட்டு ஃப்ரெடி கைக்கு வந்ததும் எவ்வளவு மாறியது என்று புரியும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மொத்தம் 22 டிராக். அவற்றில் ‘கில்லர் குயீன்’, ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ‘அண்டர் பிரஷர்’ போன்ற ஸ்டுடியோப் பதிவுகளை உங்கள் ஹிட்ஸ் தொகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அவற்றுக்காக இன்னொரு முறை காசு போட வேண்டாம். இந்த ஆல்பத்தின் உயிர் 16 முதல் 20 வரையுள்ள ஐந்து டிராக்குகளில் இருக்கிறது. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியில் குயீன் வாசித்த பதிவு அது. டிவிடியில் காட்சியோடு முன்பே வந்ததுதான், ஆனால் ஒலி ஆல்பமாகக் கிடைத்தது இதில்தான் முதல்முறை.

16ஆவது டிராக்கில் ‘போஹீமியன் ராப்சடி’ இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்களோ என்று பதற வேண்டாம், மேடையிலேயே அவ்வளவுதான் வாசித்தார்கள். அசல் பாட்டின் நடுவில் வரும் ஆபரா பகுதி, மூன்று பேர் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிந்து எழுப்பிய கோரஸ். 1975இல் 24 ஒலித்தடங்கள் கொண்ட டேப்பில் திரும்பத் திரும்பப் பதிந்ததில் டேப்பின் பூச்சே தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். அதை மேடையில் நான்கு பேரால் பாட முடியாது. சொந்தக் கச்சேரிகளில் அந்த இடம் வந்ததும் மேடையை விட்டு இறங்கி டேப்பை ஓட விடுவார்கள். லைவ் எய்டில் கிடைத்ததே இருபது நிமிடச் சொச்சம், அதனால் கிட்டார் சோலோ முடிந்த கையோடு ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவிவிட்டார்கள்.

18ஆவது டிராக் ‘ஏ ஓ’ ஒரு நிமிடம்கூட இல்லை. வாத்தியம் எதுவும் கிடையாது. ஃப்ரெடி ஒரு சங்கதி போடுகிறார், மொத்த அரங்கமும் திருப்பிப் பாடுகிறது. ஒவ்வொரு முறையும் சங்கதியைக் கடினமாக்கிக்கொண்டே போகிறார், கூட்டமும் விடாமல் பின்தொடர்கிறது. எனக்கு ஆல்பத்தின் உச்சம் இதுதான்.

ஆனால் அன்று வாசித்தது முழுக்க இதில் இல்லை. ‘ஹேமர் டு ஃபால்’ முடிந்ததும் வாசித்த ‘கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்’, ‘வீ வில் ராக் யூ’ இரண்டும் விடுபட்டுவிட்டன. அந்தப் பெயர்கள் பட்டியலில் முன்னால் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முதலாவது ஸ்டுடியோப் பதிவு, இரண்டாவது படத்துக்காக ஸ்டுடியோவையும் மேடையையும் ஒட்டிச் செய்த கலவை.

21ஆவது டிராக்கான ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’வும் கவனிக்க வேண்டியது. அசலில் பியானோவும் பேஸும் டிரம்ஸும்தான் பாட்டை இழுத்துப்போகும், கிட்டார் சோலோவுக்குத்தான் தலைகாட்டும். இதில் பிரையன் மே புதிதாகக் கிட்டார் வாசித்துச் சேர்த்திருக்கிறார். பாட்டு கனமாகிவிட்டது. அந்தத் துள்ளலுக்கு அசலே மேல் என்பேன்.

படத்தில் பாட்டுகள் வரும் காலவரிசையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஃபேட் பாட்டம்ட் கேர்ள்ஸ்’ 1978இல் வந்தது, படத்திலோ எழுபதுகளின் தொடக்கத்து அமெரிக்கப் பயணத்திலேயே ஒலிக்கிறது.

கேட்கும்போது பலர் கெடுத்துக்கொள்ளும் ஒரு விஷயம்: ஆப்பில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலப்பது) போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், கேப்லெஸ் பிளேபேக்கை (பாட்டுகளுக்கு இடையே இடைவெளி விடாமல் ஓட்டுவது) போடுங்கள், வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் வேண்டவே வேண்டாம். 16 முதல் 19 வரை கூட்டத்தின் இரைச்சல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். கிராஸ்ஃபேட் இருந்தால் ‘ஏ ஓ’வின் தலையிலும் வாலிலும் பக்கத்துப் பாட்டு ஏறிவிடும், அந்தச் சின்ன டிராக்கில் பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான்.