கரும்புச் சக்கையில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தாலே எத்தனால் வராதா? இதற்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சி எதற்கு?

வராது. கரும்புச் சாற்றில் சர்க்கரை கரைந்தே இருக்கிறது. சக்கையிலோ அது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்று நீண்ட சங்கிலிகளாக, தண்டுக்கு விறைப்பு தரும் லிக்னின் என்ற பொருளோடு இறுகிக் கிடக்கிறது. சூடும் அமிலமும் கொடுத்துத் தளர்த்தி, என்சைம் விட்டு உடைக்க வேண்டும்.

சரி, உடைத்தாயிற்று. அப்புறம்தான் தலைவலி. அதில் கணிசமான பங்கு சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை. சாதாரண ஈஸ்ட் அதை எத்தனாலாக மாற்றாது. ஈ.கோலை பாக்டீரியா (ஆமாம், நம் குடலில் இருக்கும் அதே இனம்தான்) சைலோஸைத் தின்னும், ஆனால் பெரும்பாலும் அமிலங்களைத்தான் கக்கும். புளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்ரம் குழு, சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் இரண்டு ஜீன்களை அதற்குள் புகுத்தி எத்தனாலைக் கக்க வைத்தது. 1991-இல் அதற்குக் கிடைத்தது அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை. ஆனாலும் சக்கை எத்தனால் பெருமளவில் பெட்ரோல் பங்குக்கு வராமல் இழுத்தடிப்பதற்கு முக்கியக் காரணம், சக்கையைத் தளர்த்தி உடைக்க ஆகும் செலவு.