கட்டுமானம்: கேள்வி–பதில்
வடிவமைப்பாளரின் பாதுகாப்புத் திறனை எடைபோடுவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் 14 மில்லியன் வெள்ளி செலவில் தொழிற்கூடம் கட்டப்போகும் மேம்பாட்டாளரிடம் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வந்திருக்கும் மூன்று வடிவமைப்பு நிறுவனங்களிடமும் வேலையிடப் பாதுகாப்புக்கான பிஸ்சேஃப் மூன்றாம் நிலைச் சான்றிதழ் இருக்கிறது. பாதுகாப்புத் திறனுக்கு அது போதாதா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: போதாது. பிஸ்சேஃப் மூன்றாம் நிலை சொல்வதெல்லாம், அந்த நிறுவனம் தன் சொந்த வேலைகளுக்கு இடர் மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறது, அதைத் தணிக்கையாளர் பார்த்திருக்கிறார் என்பது மட்டுமே. கூரைத் திட்டவரைபடத்தைப் பார்த்து ‘இங்கே ஆள் விழுவான்’ என்று சொல்லத் தெரியுமா என்பதை அந்தத் தணிக்கை தொடுவதே இல்லை.

உங்கள் திட்டத்தின் ஒப்பந்தத் தொகை 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டுகிறது. ஆகவே 2016 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘டிசைன் ஃபார் சேஃப்டி’ (சுருக்கமாக டிஎஃப்எஸ், இடரை வடிவமைப்பிலேயே தவிர்ப்பது) விதிமுறைகள் உங்களுக்குப் பொருந்தும். நியமிக்கும் வடிவமைப்பாளர் அந்த வேலைக்குத் தகுதியானவரா என்று பார்க்கவேண்டியது மேம்பாட்டாளர். போதிய நேரமும் தகவலும் தரவேண்டியதும் அவரே. ஆறு வாரத்து வேலையை இரண்டு வாரத்தில் கேட்டுவிட்டு, வடிவமைப்பாளருக்குத் திறன் இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நூறு பக்கப் படிவம் அனுப்பாதீர்கள். நூறு பக்க வெட்டி ஒட்டிய பதில்தான் திரும்பி வரும். முதலில், உங்கள் திட்டத்தில் கைவைக்கப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். நிறுவனத்தின் மூத்த பங்காளியின் தன்விவரம் அழகாக இருக்கும், ஆனால் வரைபடம் போடுவது அவரல்ல. பிறகு அவர்கள் முடித்த இரண்டு திட்டங்களின் வடிவமைப்பு இடர்ப் பதிவுகளையும் (எந்த இடரை எப்படித் தீர்த்தார்கள் என்ற குறிப்புகள்), அதே இடங்களின் திருத்தத்துக்கு முந்தைய, பிந்தைய வரைபடங்களையும் கேளுங்கள். பதிவில் எழுதிய தீர்வு வரைபடத்தில் ஏறியிருக்கிறதா, தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே தேதி, அதுவும் டெண்டருக்கு முந்தைய வாரம் என்றால், வரைந்து முடித்தபின் உட்கார்ந்து நிரப்பியது என்று பொருள்.

தீர்வு என்ற கட்டத்தில் ‘ஊழியர்கள் பாதுகாப்புக் கச்சை அணியவேண்டும்’, ‘குத்தகையாளர் கவனமாக இருக்கவேண்டும்’ என்ற வரிகள் மறுபடி மறுபடி வந்தால் அந்த நிறுவனத்தை ஒதுக்கிவைக்கலாம். இடரை வடிவமைப்பிலேயே நீக்கு, முடியாவிட்டால் குறை, எல்லாரையும் காக்கும் ஏற்பாட்டைத் தனிஆள் கவசத்துக்கு முன்னால் வை என்பதுதான் விதிமுறையின் வரிசை. கச்சையில் தொடங்குகிறவர் அந்த வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்.

கடைசியாக, நேரில் முக்கால் மணி நேரம் பேசுங்கள். உங்கள் கூரையின் வரைபடத்தை மேசையில் விரித்து, ‘இதில் உங்களை உறுத்துவது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். கூரை விளிம்புச் சுவரின் உயரம் 1 மீட்டர் இருக்கிறதா, வெளிச்சக் கூரைத் தகட்டின் மேல் யாராவது கால் வைத்தால் தாங்குமா, தண்ணீர்ப் பம்பு பழுதானால் எந்த வழியாக இறக்குவது என்றெல்லாம் அவர்களே கேட்கவேண்டும். கேட்கிறவர்களுக்கு அனுபவம் இருக்கிறது.

மதிப்பெண் போடுவதானால் கட்டடக்கலை, கட்டமைப்பு, இயந்திர–மின் பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனியே குறைந்தபட்ச மதிப்பெண் வையுங்கள். சராசரி எடுத்தால், ஒரு பிரிவின் ஓட்டை மற்றொன்றின் பளபளப்பில் மறைந்துவிடும்.

கேள்வி: இயந்திர–மின் வடிவமைப்பு செய்யும் ஆறு பேர் கொண்ட நிறுவனம் எங்களுடையது. 10 மில்லியன் வெள்ளித் திட்டம் எதுவும் செய்ததில்லை. திறனை எப்படிக் காட்டுவது? (ஈசூன் வாசகர்)

பதில்: பெரிய திட்டம் செய்திருக்கவேண்டிய அவசியமில்லை. நீங்கள் எடுத்த முடிவுகளைக் காட்டினால் போதும். விதிமுறை கட்டாயமில்லாத சிறு திட்டங்களில் இடர்ப் பதிவு வைப்பதை யாரும் தடுக்கவில்லை.

உதாரணத்துக்கு, வெளிப்புற ஏர்கான் கம்ப்ரசர் திண்டு. ஜன்னலுக்கு வெளியே, அறையிலிருந்து எட்டாத தூரத்தில் கம்ப்ரசரை வைத்தால், சர்வீஸ் செய்ய வருபவர் ஜன்னல் ஏறித் திண்டில் இறங்கியாகவேண்டும். இதைப் பதியும்போது ‘உயரத்தில் வேலை’ என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த வழியாக, கையில் என்ன எடையோடு அங்கே போகிறார் என்று எழுதுங்கள். பிறகு பரிசீலித்த வழிகள்: சர்வீஸ் யார்டிலிருந்து கதவு வழியாகப் போகும்படி இடம் மாற்றுவது, அதற்கு இடமில்லையென்றால் தடுப்புக் கம்பியும் நிற்கப் போதிய தளமும் தருவது, இரண்டும் ஆகாதபோதுதான் கச்சையின் கயிற்றை மாட்டும் நங்கூரப் புள்ளி. எதைத் தேர்ந்தீர்கள், ஏன், வரைபட எண், திருத்த எண், மிச்சமிருக்கும் இடர், அதை யாரிடம் தெரிவித்தீர்கள் என்று முடியுங்கள். இப்படி ஐந்து பதிவு இருந்தால் உங்கள் திறன் தெரிந்துவிடும். மேலே ஏறி வேலை செய்யும் ஏர்கான் ஊழியரிடம் ஒரு தடவை பேசிவிட்டு எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். அதைச் செய்பவர்கள் குறைவு.

கேள்வி: கட்டும்போது மட்டும் தேவைப்படும் முட்டு, சாரம் போன்ற தற்காலிகக் கட்டமைப்பைக் குத்தகையாளர்தானே வடிவமைக்கிறார்? அவரையும் மதிப்பிடவேண்டுமா? (செங்காங் வாசகர்)

பதில்: கட்டாயம். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி வட்டப் பாதை ரயில் பணிக்காகத் தோண்டிய குழி நிக்கல் ஹைவே அருகே இடிந்து நால்வர் இறந்தது, குழியின் குறுக்கே நிற்கும் முட்டுச்சட்டமும் சுவரோரம் அது தாங்கும் பக்கச்சட்டமும் சேரும் இணைப்பில் தொடங்கியது. அங்கே வலுவூட்டும் தகடுகளுக்குப் பதிலாக சி-சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) பொருத்தப்பட்டிருந்தது. மண்ணைத் தாங்கும் சுவரின் கணக்கிலும் பிழை இருந்தது. ஆகவே தற்காலிக வேலை வடிவமைப்பாளரிடம் இதைக் கேளுங்கள்: தளத்தில் ஒரு பாகத்தை மாற்றினால் கணக்கை யார் மறுபடி சரிபார்ப்பார், அவர் முதலில் கணக்குப் போட்டவர்தானா, வேறு ஆளா? மழுப்பினால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். டிஎஃப்எஸ் வடிவமைப்பு ஆய்வு முறையான ‘கைடு’வின் மூன்றாம் கட்டக் கூட்டத்தில், அதாவது கட்டுமானம் தொடங்கும் முன், இந்த வடிவமைப்பாளரும் மேசையில் இருக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகம் லண்டனில். அங்கே பெற்ற எஸ்எஸ்ஐபி என்ற பாதுகாப்புச் சான்றை இங்கே காட்டலாமா? (தஞ்சோங் பகார் வாசகர்)

பதில்: காட்டலாம், அதை மட்டும் நம்பக்கூடாது. அது நிறுவன அளவிலான அடிப்படைப் பரிசோதனை. பிரிட்டனில் 2007ஆம் ஆண்டு சிடிஎம் (கட்டுமான வடிவமைப்பு, மேலாண்மை) விதிமுறைகளின் வழிகாட்டி, நிறுவன அடிப்படை, திட்டம் சார்ந்த அனுபவம் என இரு கட்டமாகத் தகுதியைப் பார்க்கச் சொன்னது. அந்த ஏற்பாடு 2015 ஏப்ரல் 6இல் புதிய விதிமுறைகள் வந்தபோது கைவிடப்பட்டது. இப்போது அங்கே கேட்பது திறன், அறிவு, அனுபவம், நிறுவனமானால் அதன் செயல்திறனும். இன்னொன்று: அங்குள்ள முதன்மை வடிவமைப்பாளர் பதவியும் இங்கே மேம்பாட்டாளர் நியமிக்கும் டிஎஃப்எஸ் நிபுணர் பதவியும் ஒன்றல்ல.

கேள்வி: அந்த டிஎஃப்எஸ் நிபுணராக யார் இருக்கலாம்? (பிடோக் வாசகர்)

பதில்: பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர், பதிவு பெற்ற கட்டடக் கலைஞர், அல்லது கட்டமைப்புகளை வடிவமைத்துக் கட்டுமானத்தையும் மேற்பார்வையிட்ட 10 ஆண்டு அனுபவம் உள்ளவர். அத்துடன் அங்கீகரிக்கப்பட்ட டிஎஃப்எஸ் பயிற்சியும் முடித்திருக்கவேண்டும். நியமனத்தை மேம்பாட்டாளர் எழுத்துமூலம் செய்யவேண்டும். ஆய்வுக் கூட்டம் கூட்டுவதையும் இடர்ப் பதிவேட்டைப் பராமரிப்பதையும் நிபுணரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் நிபுணரை நியமித்துவிட்டதால் வடிவமைப்பாளர்களின் தகுதியைப் பார்க்கும் வேலை மேம்பாட்டாளரின் கையைவிட்டுப் போய்விடாது.