சாதாரண சைக்கிளில் எடை குறைந்த மோட்டார் கிட் பொருத்தினால் தினசரிப் பயணத்துக்குப் பயன்படுமா?

வீட்டில் இருக்கும் சைக்கிளிலேயே சிறிய மோட்டார் கிட்டைப் பொருத்தி வேலைக்குப் போய்வர முடியுமா, அல்லது புதிய மின்சார சைக்கிளையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவர மொத்தம் 30 கிலோமீட்டருக்குள் இருந்து, பெடல் மிதிப்பதில் உங்களுக்கு விருப்பமும் இருந்தால், கிட் பொருத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. நான் கோயம்புத்தூரில் வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்கு இப்படி மாற்றிய சைக்கிளில்தான் சென்றுவருகிறேன்.

மோட்டார் எதற்கு, எவ்வளவு தேவை என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. காற்றில்லாத சமதரையில், நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 100 வாட் போதும். தனிப் பயிற்சி எதுவும் இல்லாத, உடல்நலமுள்ள ஒருவர் 75 முதல் 100 வாட் வரை தொடர்ந்து மிதித்துவிடுவார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றில், மாலையில் நகரின் மேற்கே உள்ள வடவள்ளி நோக்கித் திரும்பும்போது நிலைமையே வேறு. மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், அதே 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 220 வாட் அளவுக்குத் தேவைப்படுகிறது. மேம்பாலத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்றால், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சரிவில் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, ஏற்றத்துக்கென்று மட்டுமே 155 வாட் செலவாகிறது. கால்களால் முடியாமல் மிஞ்சும் அந்த நூறு, நூற்றைம்பது வாட்டைத் தருவதுதான் மோட்டாரின் வேலை. இதற்கு 250 வாட்டுக்குள் அடங்கும் மோட்டாரே தாராளம். 500, 750 வாட் என்று ஆசைப்பட்டால் பேட்டரி, வயர், பிரேக் என எல்லாவற்றின் எடையும் ஏறி, பேட்டரி தீர்ந்த பிறகு மிதிக்கவே முடியாத வண்டியாகிவிடும்.

எடை குறைந்த கிட் என்றால், என் கணக்கில், உள்ளே பல்சக்கரங்கள் கொண்ட சிறிய ஹப் மோட்டார்தான், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அமையும் மோட்டார். வேகமாகச் சுழலும் சிறு மோட்டாரின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் நான்கைந்து மடங்கு குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. ஒருவழிக் கிளட்ச் இருப்பதால், மின்சாரத்தை அணைத்தால் சக்கரம் தடையின்றி உருளும். எடை இரண்டு, இரண்டரை கிலோவுக்குள் அடங்கிவிடும். பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டார் சத்தமின்றி ஓடும், நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும், அணைத்த பிறகும் அதன் காந்தங்கள் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். பெடல் அச்சில் பொருத்தும் நடு மோட்டார் மலைப்பாதைக்கு மிகவும் ஏற்றது. நகரப் பயணத்துக்கு அது தேவையில்லை, செயினும் பல்சக்கரமும் விரைவில் தேயும்.

மோட்டாரை முன்சக்கரத்தில் பொருத்துவதே எளிது. ஆனால் இங்கே ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றும்போது, அதன் அச்சு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அந்தச் சுழற்சியைத் தடுத்து நிறுத்துவது, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை) நுனிப்பிளவில் உட்காரும், இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்ட 10 மில்லிமீட்டர் அச்சுப்பகுதி மட்டுமே. 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அந்தச் சிறிய இடத்தில் இறங்கும்போது, ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு ஈடான விசை பிளவை அகட்டப் பார்க்கிறது. பிளவு விரிந்தால் அச்சு உருண்டு, வயர் அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் கழன்றுவிடும். ஆகவே இரும்பு ஃபோர்க் உள்ள சைக்கிளையே தேர்ந்தெடுங்கள். அலுமினிய நுனி கொண்ட ஷாக் அப்சார்பர் ஃபோர்க்கிலும் கார்பன் ஃபோர்க்கிலும் முன் மோட்டார் வேண்டவே வேண்டாம். இரும்பாக இருந்தாலும், அச்சைப் பிடித்து ஃபோர்க் காலோடு சேர்த்துக் கட்டும் முறுக்குத்தடுப்புக் கம்பியைப் பொருத்தச் சொல்லுங்கள். மெக்கானிக் "சின்ன மோட்டார்தானே, நட்டை இறுக்கினால் போதும்" என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பழைய 28 அங்குல கறுப்புச் சைக்கிளை மாற்ற நினைப்பவர்கள் பலர். அந்த உறுதியான உடலமைப்பு எனக்கும் பிடித்ததுதான். ஆயினும் அதன் முன் ஃபோர்க் குறுகலானது; இன்றைய ஹப் மோட்டார்கள் எதிர்பார்க்கும் 100 மில்லிமீட்டர் இடைவெளி அதில் இருக்காது, அச்சு நுழையும் பிளவையும் அரத்தால் ராவ வேண்டியிருக்கும். கம்பி பிரேக்குடன், பிரேக் பிடித்ததும் மோட்டாரை அணைக்கும் லீவரைச் சேர்ப்பது கடினம். இரும்பு ரிம்மில் மழைநேரத்தில் பிரேக் பிடிப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். இவற்றைவிட, அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் கொண்ட 26 அங்குல சைக்கிளோ, 700சி என்ற அளவுச் சக்கரங்கள் கொண்ட ஹைபிரிட் சைக்கிளோ எளிதில் ஒத்துப்போகும். பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிள் உங்கள் வீட்டில் சும்மா நின்றால், ஃபோர்க் இடைவெளியையும் பிரேக்கையும் அளந்து பார்த்துவிட்டு அதையும் யோசிக்கலாம்.

பேட்டரிக்கு 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி, அதாவது ஏறத்தாழ 280 வாட் மணி எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நீங்களும் சேர்ந்து மிதித்தால் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட் மணிதான் செலவாகும் என்பதால், 28 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும். வீணாவதையும் சேர்த்து, முழுதாக ஏற்ற மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய லேப்டாப் செல்களை இணைத்து மலிவாகக் கட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெயிலில் நின்று சூடேறிய பேட்டரியைக் கழற்றி, ஆறவைத்த பிறகே சார்ஜரில் போடுங்கள். தூங்கும் நேரத்தில் சார்ஜ் செய்ய வேண்டாம். கழற்றி மாட்டக்கூடிய பேட்டரியாக இருந்தால், நிழலில்லாத இடத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தாலும் அதைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதன் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது படிப்படியாகக் குறைந்து அற்றுப்போவதாகவும், மிதிப்பதை நிறுத்தினால் தானும் நிற்பதாகவும் இருந்தால், தகுந்த பிரேக்குகளும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிதிருப்பிகளும் கொண்ட அந்த மிதிவண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. எனவே பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் வேக வரம்பை நீக்கித் தருவதாகக் கடையில் சொன்னால், அதோடு இந்த விலக்கும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பொருத்தும்போது, மோட்டாரிலிருந்து வரும் வயர் முதலில் கீழ்நோக்கி வளைந்து பிறகு மேலே ஏறும்படி கட்டச் சொல்லுங்கள். இல்லையெனில் மழைநீர் வயர் வழியே மோட்டாருக்குள் இறங்கும். புதிதாகக் கோத்த ஆரக்கம்பிகள் முதல் நூறு கிலோமீட்டருக்குள் தளர்வது இயல்பு. அதற்குள் ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து, அச்சு நட்டுகளையும் முறுக்குத்தடுப்புக் கம்பியின் திருகுகளையும் மறுபடி இறுக்கிவிடுங்கள்.